முதற் கவளமும் குடலின் குடிகளும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை அடுத்துள்ள தண்ணீரூற்றிலே, குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு தீத்தும் நாள் ஒரு சிறு விழா. நல்ல நாளும் வேளையும் பார்ப்பர். கோயிற் பொங்கலிலோ வீட்டுப் பொங்கலிலோ சிறிதளவை எடுத்து விரல் நுனியால் மசித்து, பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் இருத்தி அதன் நாவிலே தடவுவார். குழந்தை முகத்தைச் சுளித்துப் பாதியை வெளியே தள்ளிவிடும். சுற்றி நிற்போர் சிரிப்பர். பின்னர் பல் அரும்பும் காலத்தில் பல்லுக்கொழுக்கட்டை நடைபெறும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பரம்பரையாக வந்த இவ்வழக்கங்கள், குழந்தை தன் வாழ்விலே ஒரு படியைக் கடந்துவிட்டதை ஊருக்கும் உறவுக்கும் அறிவிப்பன.

ஆயின், அன்றைய கவளத்தை உண்பது குழந்தை மாத்திரமன்று. குழந்தையின் பெருங்குடலிலே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் அன்றுதான் புது உணவு பரிமாறப்படுகின்றது. அவற்றுள் எந்தக் குடி பெருகும், எந்தக் குடி ஒடுங்கும் என்பதை இனிமேல் வரும் உணவு பெரிதும் தீர்மானிக்கின்றது.

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் நோய் என்ற எண்ணமே நம்மவர்க்கு எழுகின்றது. கொலராவும் நெருப்புக்காய்ச்சலும் கண்ட நாட்டிலே இது இயல்பே. எனினும் குடலில் வாழும் பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை தீங்கற்றவை, பல இன்றியமையாதவை. இவ்வுண்மையை உலகுக்குத் தெளிவாக்கியது கைக்குழந்தைகளின் மலத்தைப் பற்றிய ஆராய்ச்சியே என்பது பலரும் அறியாத செய்தி. 1885 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை வைத்தியர், குழந்தைகளின் மலத்தை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து ஒரு பற்றீரியாவை விவரித்தார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே அது எஷெரிக்கியா கோலை என அழைக்கப்படலாயிற்று. 1899 இல் பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவகத்தில் ஹென்றி திசியே என்பவர், தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்திலே கவர்போலப் பிளந்த வடிவுடைய வேறொரு பற்றீரியா மிகுந்திருப்பதைக் கண்டார். இதுவே இன்று பிபிடோபற்றீரியம் எனப்படுவது.

இந்தப் பிளவு வடிவப் பற்றீரியா ஏன் தாய்ப்பாற் குழந்தையிடம் இவ்வளவு மிகுதியாக வாழ்கின்றது? தாய்ப்பாலில் உள்ள பாற்சர்க்கரையைக் குழந்தை தன் சிறுகுடலிலேயே சமிபாடு செய்துகொள்கின்றது. ஆனால் அதே பாலில் வேறு வகைச் சர்க்கரைகளும் உள்ளன. சிறு சர்க்கரை மூலக்கூறுகள் சில பல சேர்ந்து சங்கிலியாகக் கோக்கப்பட்டவை அவை. நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. பாலிலுள்ள திண்பொருள்களிலே பாற்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடம் இவற்றுக்கே. விந்தை என்னவெனில், இவற்றைச் சமிபாடு செய்யும் ஆற்றல் குழந்தைக்குக் கிடையாது! உண்ணும் பிள்ளைக்கு உதவாத ஒன்றைத் தாயின் உடல் ஏன் இத்துணை பாடுபட்டு உண்டாக்க வேண்டும்? 1950களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே போல் ஜியோர்ஜி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது. இச்சர்க்கரைகள் சமிபாடடையாமற் பெருங்குடலை அடைந்து, அங்கே பிபிடோபற்றீரியாவுக்கு உணவாகின்றன. விருந்தினரை அழைத்தவள் அவர்களுக்கும் சேர்த்தே உலை வைப்பது போன்றது இது. உண்ட பற்றீரியாக்கள் அசற்றிக் அமிலத்தையும் இலற்றிக் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. குடல் புளிப்படைகின்றது. அப்புளிப்பிலே வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள் பல தழைக்க மாட்டா.

ஆறு மாதம் நிறையும் மட்டும் தாய்ப்பாலே போதும் என்று உலக சுகாதாரப் பேரவை 2001 இல் பரிந்துரைத்தது. இலங்கையின் கிளினிக்குகளிலே குடும்ப நல உத்தியோகத்தர்கள் கூறுவதும் இதுவே. அதற்குப் பிறகு பால் மாத்திரம் போதாது. வளரும் உடலுக்கு வேண்டிய இரும்புச்சத்து குறைகின்றது. பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பும் செலவாகிவிடுகின்றது. எனவே சோறு வருகின்றது, பருப்பு வருகின்றது, பூசணியும் வாழைப்பழமும் வருகின்றன.

மாப்பொருளைச் சமிபாடு செய்யும் நொதியம் கணையத்திலிருந்து இவ்வயதில் மிகக் குறைவாகவே சுரக்கின்றது. ஆகவே சோற்றிலும் கிழங்கிலும் ஒரு பகுதி மாப்பொருள் சிறுகுடலைத் தப்பிப் பெருங்குடலை அடைகின்றது. பழத்தின் நாரும், கீரையின் நாரும், பருப்பின் தோலும் எப்போதுமே அவ்வாறு செல்வன. இப்போது குடலில் வேறு தொழிலாளர் தேவைப்படுகின்றனர். தாய்ப்பாலின் சர்க்கரைச் சங்கிலியை அறுக்கத் தெரிந்த பிபிடோபற்றீரியாவின் பங்கு மெல்ல மெல்லக் குறைகின்றது. தாவரங்களின் நார்ச் சங்கிலியை அறுக்கத் தெரிந்த பற்றீரோயிட்ஸ் முதலிய இனங்கள் பெருகுகின்றன. இவற்றுள் சில பியூற்றிரிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரிலுள்ள கலங்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுவே. குடற்சுவர் உறுதியாக இருப்பதற்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி பகையையும் நட்பையும் பிரித்தறியப் பழகுவதற்கும் இவ்வமிலங்கள் துணைசெய்கின்றன.

இம்மாற்றத்தை ஆய்வுகூடம் இல்லாமலே ஒவ்வொரு தாயும் கண்டிருக்கிறாள். பால் மாத்திரம் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக, இளகி, அதிக மணமின்றி இருக்கும். சோறும் கறியும் தொடங்கியதும் நிறம் மாறும், இறுகும், நாற்றம் பெரியவர்களுடையதைப் போலாகும். பிள்ளைக்கு மாந்தம் கண்டுவிட்டதோ என்று முதற் பிள்ளைத் தாய்மார் அஞ்சுவதுண்டு. மாந்தமன்று; குடிகள் மாறுகின்றன, அவ்வளவே.

ஆனாற் புதுக்குடிகள் உணவோடு திடீரென வந்திறங்குகின்றன என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் ஒரே ஒரு குழந்தையை இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்று 2011 இல் வெளியாயிற்று. அக்குழந்தை பால் மட்டுமே அருந்திய காலத்திலேயே, தாவர உணவைச் சிதைக்கும் ஆற்றலுக்குரிய பரம்பரை அலகுகள் அதன் குடற் பற்றீரியாக்களிடம் காணப்பட்டன. முதல் மழைக்கு முன்னரே வயலில் விதை கிடப்பதைப் போல அவை காத்துக்கிடந்தன எனலாம்.

மாற்றத்தை உண்டாக்குவது திண்ம உணவின் வரவா, தாய்ப்பாலின் முடிவா? அறிஞரிடையே இதுபற்றி ஒரு விவாதம் உண்டு. சுவீடன் நாட்டில் 98 தாய்மாரையும் அவர்தம் குழந்தைகளையும் ஓராண்டு ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டவர்கள், தாய்ப்பாலை நிறுத்துவதே குடலைப் பெரியோர் குடல்போல மாற்றும் பெருங்காரணம் என்றனர். டென்மார்க்கில் நடைபெற்ற ஆய்வுகளோ, குழந்தை வீட்டாரின் உணவுக்கு மாறும்போது, நாரும் புரதமும் மிகுந்த உணவுகள் சேரச் சேரக் குடலின் இனவகைகள் பெருகுவதைக் காட்டின. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன என்று கொள்ள வேண்டியதில்லை. சோறு தொடங்கிய பின்னும் தாய்ப்பால் தொடர்ந்தால் பழங்குடியும் புதுக்குடியும் சில காலம் ஒருங்கே வாழ்கின்றன. மாற்றம் படிப்படியாக நிகழ்கின்றது. இரண்டு வயதும் அதற்கு மேலும் பால் கொடுக்குமாறு வைத்தியர்கள் வற்புறுத்துவதற்கு உள்ள பல காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். சோறு தீத்திவிட்டோமே, இனிப் பால் எதற்கு என்று கேட்கும் மாமியார்மாருக்கும் இதுவே மறுமொழி.

உணவின் வேற்றுமை குடலின் வேற்றுமையாவதை 2010 இல் வெளியான ஓர் ஒப்பீடு நன்கு காட்டியது. ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டுக் கிராமமொன்றின் பிள்ளைகளையும் இத்தாலியின் புளோரன்ஸ் நகரப் பிள்ளைகளையும் ஆராய்ந்தனர். கிராமத்துப் பிள்ளைகள் உண்பது சிறுதானியம், அவரையினம், காய்கறி. நார் மிகுந்த அவ்வுணவைச் சிதைக்கும் இனங்கள் அவர்களிடம் மிகுந்திருந்தன. குடலுக்கு நன்மை செய்யும் அமிலங்களும் அவர்களிடமே அதிகம். ஆயினும் தாய்ப்பால் மட்டும் அருந்திய காலத்தில் இரு நாட்டுக் குழந்தைகளும் பெரிதும் ஒத்திருந்தன. சட்டியும் அகப்பையுமே அவர்களைப் பிரித்தன.

இவையெல்லாம் அறிவுக்குச் சுவையானவை. ஆனால் உயிரோடு தொடர்புடைய செய்தி வங்காள தேசத்திலிருந்து வருகின்றது. டாக்கா நகரின் மீர்ப்பூர் என்னும் ஏழைகள் நெருங்கி வாழும் பகுதியிலே, தமீட் அகமட் என்ற வைத்தியரும் அமெரிக்காவின் ஜெப்ரி கோர்டன் என்ற அறிஞரும் தத்தம் குழுவினருடன் பல்லாண்டுகள் உழைத்தனர். நலமுள்ள குழந்தைகளின் குடற்குடிகள் மாதத்துக்கு மாதம் ஓர் ஒழுங்கின்படி முதிர்ச்சியடைவதை முதலிற் கண்டனர். குழந்தை தவழ்வதற்கும் நடப்பதற்கும் வயது இருப்பதைப்போல அதன் குடலுக்கும் ஒரு வயது உண்டு. பின்னர், கடும் போசாக்கின்மையால் மெலிந்த குழந்தைகளை நோக்கினர். அக்குழந்தைகளின் குடல், அவர்களின் வயதுக்கு ஏற்ற முதிர்ச்சியை அடையாமல், தம்மிலும் இளைய குழந்தைகளின் குடலைப் போலவே இருந்தது. வைத்தியசாலையில் ஊட்ட உணவு கொடுத்தபோது அது சற்று முன்னேறியது. உணவை நிறுத்திய சில மாதங்களில் மீண்டும் பின்தங்கியது. 2014 இல் இம்முடிவு வெளியாயிற்று. வயிறார உண்டும் பிள்ளை தேறவில்லையே என்று தாய்மார் நெடுங்காலம் கலங்கியதற்கு ஒரு காரணம் இங்கே தென்படுகின்றது. உணவை ஏற்றுப் பயன்படுத்தத் துணைசெய்யும் குடிகளே அங்கு வளர்ந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒத்த சான்று உண்டு. வேலூரிலே தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளுள் 20 பேரின் மலத்தை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். அவர்களுள் 10 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றிக் குறுகியே இருந்தவர்கள். 10 பேர் இயல்பாக வளர்ந்தவர்கள். வளர்ந்த பிள்ளைகளிடம் பிபிடோபற்றீரிய இனமொன்று மிகுந்திருந்தது. குறுகிய பிள்ளைகளிடம் அழற்சியோடு தொடர்புடைய இனங்கள் மிகுந்திருந்தன. இருபது பிள்ளைகளைக் கொண்டு எதையும் அறுதியிட முடியாதெனினும், டாக்காவில் கண்டதற்கு மாறாக இது இல்லை.

டாக்கா அறிஞர்கள் நோயைக் கண்டறிந்ததோடு நின்றுவிடவில்லை. பின்தங்கிய குடிகளைத் தூண்டி வளர்க்கக்கூடிய உணவு எது என்று, அந்நாட்டு மக்கள் வழக்கமாக உண்ணும் பொருள்களுக்குள்ளேயே தேடினர். ஈற்றில் அவர்கள் தேர்ந்தெடுத்தவை நான்கு: கடலை மா, சோயா மா, நிலக்கடலை மா, வாழைக்காய். சிறிது சீனியும் எண்ணெயும் உயிர்ச்சத்துக்களும் சேர்த்து இவற்றாற் செய்த உணவை, ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட சுமார் 120 குழந்தைகளுள் ஒரு பாதியினருக்கு மூன்று மாதம் கொடுத்தனர்; மறு பாதியினருக்கு வழக்கமான ஊட்ட உணவு. புது உணவிலே சக்தி சற்றுக் குறைவாக இருந்தும், அதை உண்டவர்களின் நிறையே விரைந்து கூடியது. 2021 இல் இது வெளியானது. நிலக்கடலையைத் தண்ணீரூற்றில் கச்சான் என்பர்; கோயில் திருவிழாக்களில் சுருளிற் கட்டி விற்பது. வாழைக்காய் வேலியோரத்தில் விளைவது. கடல் கடந்து வரும் அலங்காரப் பேணிகளிலேதான் பிள்ளையின் உரம் இருக்கின்றது என்ற மயக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து வேண்டுமா? ஒன்று மாத்திரம் நினைவிலிருத்த வேண்டும். முழுக் கச்சானோ உடைத்த கச்சானோ சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். நன்றாக மாவாக்கிக் குழைத்தே கொடுத்தல் வேண்டும்.

முல்லைத்தீவு மக்களுக்கு இப்பொருள் வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இப்பகுதி மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தபோது, கைக்குழந்தைகளின் முதற் கவளம் நாளும் வேளையும் பார்த்து வரவில்லை. கிடைத்த கஞ்சியே சோறு தீத்தலாயிற்று. மீள்குடியேறித் தோட்டமும் வயலும் திருத்திய பின்னர், 2022 இல் நாடு முழுவதையும் பொருளாதார நெருக்கடி பற்றிக்கொண்டது. அவ்வாண்டு செத்தெம்பரிலே கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. முட்டையும் மீனும் பருப்பும் எட்டாத வீடுகளிலே குழந்தையின் கிண்ணத்தில் வெறுஞ்சோறு மாத்திரம் எஞ்சியது. பசி வயிற்றை மாத்திரம் வாட்டுவதில்லை. ஒரே வகை உணவு, ஒரு சில குடிகளை மாத்திரமே வாழவைக்கின்றது.

ஆயினும் வன்னிச் சமையற்கட்டு வறுமையிலும் வகையற்றதன்று. குரக்கன் இருக்கின்றது, பயறும் உழுந்தும் இருக்கின்றன, முருங்கை இல்லாத வளவு அரிது. குரக்கனைப் பற்றி ஒரு குறிப்பு. குரக்கன் கஞ்சி ஆறியதும் தடித்துக் களியாகிவிடும், பிள்ளை விழுங்காது. தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறையும், சக்தி சேராது. 1980களில் பரோடாப் பல்கலைக்கழகத்திலே தாரா கோபால்தாஸ் என்ற பேராசிரியையும் அவர் குழுவினரும் காட்டிய வழி எளிது. தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து மாவாக்கினால், முளையில் உண்டாகும் நொதியம் மாப்பொருளை இளக்கிவிடுகின்றது. தடித்த கஞ்சியில் இம்மாவைச் சிறிதளவு கலந்தாலும் போதும். கஞ்சி இளகும், சத்துக் குறையாது. முளைகட்டிய பயறு நம்மவருக்குப் புதிதன்று; குரக்கனையும் அவ்வாறே செய்யலாம்.

சமிபாடடையாத மாப்பொருள் பெருங்குடலுக்கு நன்மை செய்யும் என்பதற்கு வேலூரே மற்றொரு சான்று தந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். இராமகிருஷ்ணா என்ற வைத்தியரும் சகபாடிகளும், கொலராவால் வருந்திய 48 நோயாளரிடையே செய்த பரிசோதனையை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உப்புச்சர்க்கரைக் கரைசலோடு, எளிதிற் சமிபாடடையாத சோள மாவையும் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றோட்டம் விரைவில் நின்றது. பற்றீரியாக்கள் அம்மாவிலிருந்து உண்டாக்கும் அமிலங்கள், பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சத் துணைசெய்கின்றன. அடுத்த ஆண்டிலே டாக்காவிலிருந்து, நீடித்த வயிற்றோட்டமுடைய குழந்தைகளுக்குச் சோற்றோடு அவித்த வாழைக்காய் நன்மை செய்தது என்ற செய்தி வந்தது. வயிற்றோட்டத்துக்கு வாழைக்காய் அவித்துக் கொடுக்கும் பாட்டிமார் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும்.

வயிற்றோட்டத்தைக் குறித்து மற்றொரு நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பல் முளைக்கும்போது பிள்ளைக்கு வயிற்றாலே போகும், அது இயற்கை என்பர். பல் முளைப்பதும் சோறு தொடங்குவதும் ஒரே பருவத்தில் நிகழ்வதால் வந்த மயக்கம் இது. 1950களில் பஞ்சாப் கிராமங்களில் ஆராய்ந்த ஜோன் கோர்டன் என்ற அமெரிக்க வைத்தியரும் அவர் துணைவர்களும், பால்மறக்கும் பருவத்து வயிற்றோட்டம் என்றே இதற்குப் பெயரிட்டு 1963 இல் எழுதினர். குற்றம் பல்லினதன்று, கை கழுவாது பிசைந்த சோற்றினதும், காய்ச்சாத தண்ணீரினதும், காலையிற் சமைத்து வெயிலேறும்வரை மூடிவைத்த கஞ்சியினதுமே. தாய்ப்பாலால் வந்த புளிப்பும் காவலும் தளர்ந்து, புதுக்குடிகள் இன்னும் வேரூன்றாத இடைக்காலம் அது. அந்நேரம் அந்நியக் கிருமி எளிதிற் புகும். ஊற்று நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருப்பினும் குழந்தைக்குக் கொதித்தாறிய நீரே தக்கது. சூப்பியிலும் பார்க்கக் கிண்ணமும் கரண்டியும் மேல், கழுவுவது எளிது.

இரும்புச்சத்து அவசியம் என்று முன்னர் கூறப்பட்டது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கென்யாவிலே ஆறு மாதக் குழந்தைகளின் சோளக் கஞ்சியில் இரும்புத் தூள் கலந்து கொடுத்தபோது, நோய்செய்யும் இனங்கள் பெருகியதாகவும் பிபிடோபற்றீரியா குறைந்ததாகவும் 2015 இல் எழுதினர். கிருமிகளும் இரும்பை விரும்பி உண்பனவே. இதைக் கேட்டு, கிளினிக்கிலே கொடுக்கும் சத்துத் தூளை எறிந்துவிடுவது பேதைமை. இரத்தச்சோகை மூளையின் வளர்ச்சியையே தாக்கும். தூய்மையான நீரும் தாய்ப்பாலும் உடனிருக்கக் கொடுப்பதே வழி. மீனிலும் இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பைக் குழந்தையின் உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். உப்பைக் கழுவி நீக்கி, வறுத்து இடித்த நெத்தலித் தூள் ஒரு சிட்டிகை சோற்றுடன் சேர்வது ஏழை வீட்டுக்கும் இயலும்.

இறுதியாக, வன்னியின் பெருமைகளுள் ஒன்றான காட்டுத்தேன். பிறந்த பிள்ளையின் நாவிலே தேன் தடவுவது மங்கலம் என்றும், சோறு தீத்தும்போது தேன் கலப்பது நன்று என்றும் கருதுவோர் உளர். தேனிலே பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பற்றீரியாவின் வித்திகள் சில வேளைகளிற் கிடக்கும். பெரியவரின் குடலில் அவை முளைப்பதில்லை. அங்கே இடம் முழுவதும் பழங்குடிகளால் நிறைந்திருக்கின்றது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலிலோ வெற்றிடம் உண்டு. வித்திகள் அங்கே முளைத்து, நரம்பைத் தளர்த்தும் நஞ்சை விடுகின்றன. பிள்ளைக்கு மலம் இறுகும், அழுகுரல் மெலியும், தலை தளரும், மூச்சும் நின்றுவிடக்கூடும். 1976 இலேதான் கைக்குழந்தைகளிடம் இந்நோய் அடையாளங் காணப்பட்டது. தேனைக் காய்ச்சினாலும் அவ்வித்திகள் சாவதில்லை. ஒரு வயது நிறைந்து, சோறும் பருப்பும் கீரையும் உண்டு குடல் குடியேறிய பின்னர், அதே தேன் அதே பிள்ளைக்குத் தீங்கு செய்வதில்லை.